எலுமிச்சை ஊறுகாய் ஏன் பூசணம் பிடிக்கிறது, ஏன் கசக்கிறது?

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் தம்பி ஒருவர், அம்பாசமுத்திரத்துக்காரர், கேட்டிருக்கிறார்: "எலுமிச்சை ஊறுகாய் இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை 12 நாளில் மேலே பூசணம் பிடித்துவிட்டது. இரண்டாவது தடவை பழத்தைக் குக்கரில் ஒரு விசில் வைத்துப் போட்டேன். பூசணம் இல்லை, ஆனால் ஒரே கசப்பு. இரண்டு தடவையும் 1 கிலோ பழத்துக்கு 80 கிராம் உப்பு. எங்கள் ஆச்சி போட்டது வருஷம் முழுக்க வெளியிலேயே இருக்கும். நான் எங்கே தப்பு செய்கிறேன்?"

தம்பி, அளவைச் சொல்லிக் கேட்டதால் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. முதல் தடவை நடந்த தப்பு அந்த 80 கிராமில் இருக்கிறது. இரண்டாவது தடவை நடந்தது குக்கரில். இரண்டுக்கும் அடியில் ஒரே காரணம்தான், அவசரம். எலுமிச்சை ஊறுகாயைக் கெடாமல் காப்பது உப்பும் நாளும். மிளகாய் வத்தல்பொடி, எண்ணெய், பெருங்காயம் எல்லாம் ருசிக்கு வருபவை. நாம் அந்த ருசியை முதல் நாளே பார்க்க ஆசைப்படுகிறோம், அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது.

உப்புக் கணக்கை முதலில் பார்ப்போம். 1 கிலோ பழத்துக்கு நான் போடுவது 180 கிராம் கல்லுப்பு. பொடியும் எண்ணெயும் சேர்ந்து முடிந்த பிறகு ஊறுகாயின் மொத்த எடை 1400 கிராம் பக்கம் வரும். அப்படியானால் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு உப்பு. உங்கள் ஜாடியில் இருந்தது 6 பங்கு. எலுமிச்சைச் சாற்றிலோ உப்புநீரிலோ போட்டு விற்கும் ஊறுகாய்க்கு நம் நாட்டு உணவு விதி கேட்பதே குறைந்தது 12 சதவீதம். ஆச்சியிடம் தராசு இருந்திருக்காது. ஆனால் 25 பழத்துக்கு ஓர் ஆழாக்கு உப்பு என்று கை அளந்து போட்டிருப்பார். நடுத்தரமான 25 பழம் 1 கிலோ. ஆழாக்கு என்பது 168 மில்லி, கல்லுப்பை அதில் கோபுரமாக அள்ளினால் ஏறக்குறைய இந்த எடைதான் நிற்கும். அவர் போட்ட அளவும் விதி சொல்லும் அளவும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

எலுமிச்சையே அவ்வளவு புளிப்பாயிற்றே, உப்பு எதற்கு இத்தனை என்று தோன்றும். சாற்றில் நூற்றுக்கு 6, 7 பங்கு சிட்ரிக் அமிலம் உண்டு. நோய் தரும் பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் வளர முடியாது, அது உண்மை. பூசணம் வேறு சாதி. அது புளிப்பைத் தாங்கும், கொஞ்சம் உப்பையும் தாங்கும். காற்று இல்லாமல்தான் அதனால் வாழ முடியாது. ஆகவே துண்டு முழுவதும் சாற்றுக்குள் மூழ்கியிருந்தால் பூசணத்துக்கு இடமே இல்லை. உப்புதான் பழத்துக்குள் இருக்கும் சாற்றை வெளியே இழுத்துவருகிறது. உப்பு குறைந்தால் சாறு குறையும், சாறு குறைந்தால் மேல் துண்டுகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பூசணம் முதலில் உட்காருவது அந்தத் தலையில்தான்.

முதல் நாளே வத்தல்பொடி போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பொடி சாற்றைக் குடித்துவிடும். ஜாடி பார்க்கச் சிவப்பாக, நிறைவாக இருக்கும். உள்ளே துண்டுகள் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு, இடையில் காற்றோடு கிடக்கும்.

அடுத்தது கசப்பு. எலுமிச்சை விதையிலும் உள்தொலியிலும் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உண்டாகிறது. முழுப்பழமாக இருக்கும்வரை அது கசப்பில்லாத வேறு வடிவத்தில் அடங்கியிருக்கும். பழத்தை வெட்டியோ நசுக்கியோ சாற்றின் புளிப்பு அதன்மேல் பட்டதும் மெல்ல மெல்லக் கசப்பாக மாறும். சூடு பட்டால் அந்த மாற்றம் வேகமாக நடக்கும். குக்கரில் பழம் வெடித்து, விதை, சாறு, தொலி எல்லாம் ஒன்றாகக் கொதித்தால் கேட்கவே வேண்டாம். கல்யாண வீட்டில் அவசரத்துக்குப் போடுபவர்கள் பழத்தை முழுசாக வெந்நீரில் போட்டெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆறிய பிறகு துடைத்து நறுக்குவார்கள். அது இரண்டு மூன்று நாளில் காலியாகிவிடுகிற ஊறுகாய். வருஷத்துக்கு வைப்பதற்கு அடுப்பு வேண்டாம்.

உப்பில் ஊறிய பழத்திலும் முதல் வாரம் கசப்பு தெரியும். பயப்பட வேண்டாம். நாள் போகப் போக அது அடங்கி, நாலாவது வாரத்தில் நாக்கின் ஓரத்தில் லேசாக நிற்கும். அந்த லேசான கசப்பு இல்லாவிட்டால் எலுமிச்சை ஊறுகாய்க்கு மணமே இல்லை என்பது என் கருத்து.

இனி பழம். உங்களுக்குப் பிறந்த ஊர்ப் பக்கமே நல்ல பழம் இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது புளியங்குடி, கடையம் எல்லாம் அங்கே போய்விட்டன. எங்கள் பேச்சில் இன்னும் நெல்லைச் சீமைதான். மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து பழம் மூட்டை மூட்டையாகப் புளியங்குடிச் சந்தைக்கு வரும், அங்கே ஏலம் போய், கேரளத்துக்கும் வெளியூர்களுக்கும் லாரி ஏறும். தொலி மெலிசு, சாறு அதிகம், மணம் கூர்மை. இரண்டு பழத்தை எடுத்து நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

சென்னையில் அந்தப் பழம்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்று. தொலி மெலிசாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். கரடுமுரடான தடித்தொலிப் பழம் ஊற நாளாகும், உள்வெள்ளை அதிகம் என்பதால் கசக்கும். முழுப் பச்சையும் வேண்டாம், அழுகப்போகும் கனிந்த பழமும் வேண்டாம். மஞ்சள் ஏறி, அங்கங்கே ஒரு பச்சைத் திட்டு இருந்தால் நல்லது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும், அது சாறு. கறுப்புப் புள்ளி, அடிபட்ட இடம், காம்பு பிடுங்கின குழியில் ஈரம் இருந்தால் அந்தப் பழத்தைச் சாதத்துக்குப் பிழிந்துகொள்ளுங்கள். ஜாடியில் போடாதீர்கள். ஒரு கெட்ட பழம் போதும்.

காலமும் ஒரு விஷயம். சித்திரை வைகாசியில் சர்பத்துக் கடை முழுக்க எலுமிச்சைதான், விலை ஏறிவிடும். ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரல் தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கடையம் வரைக்கும் காற்றில் ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். துணி காயாத மாதத்தில் ஊறுகாய் போடுவதில்லை என்று எங்கள் அம்மா வைத்திருந்தார். ஐப்பசி கார்த்திகை அடைமழை. அதனால் எங்கள் வீட்டில் தை, மாசிதான். மழை ஓய்ந்து, வெயில் சுளீரென்று இல்லாமல் நாள் முழுக்கச் சீராக அடிக்கும். சென்னையிலும் அந்த இரண்டு மாதத்தில் மழை குறைவு.

செய்முறைக்கு வருகிறேன். சாயங்காலம் பழத்தைக் கழுவுங்கள். மெழுகு பூசிய பழமோ என்று சந்தேகம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஒவ்வொரு பழமாகத் துணியால் துடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விடுங்கள். நீங்கள் கழுவின கையோடு நறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காம்புக் குழியில் நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது, 25 பழத்துக்கு 25 சொட்டு. காலையில் அரிவாள்மணை, தட்டு, கை எல்லாவற்றையும் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு பழத்தை எட்டாக நறுக்குங்கள். தெரிகிற விதையை எல்லாம் கத்தி முனையால் தட்டிவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். 1 கிலோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், பேச ஆள் இருந்தால் நல்லது. நறுக்கும்போது சிந்தும் சாறு வீணாகக் கூடாது, தட்டில் பிடித்து ஜாடியிலேயே ஊற்றுங்கள். இதோடு ஐந்தாறு பழத்தைத் தனியாகப் பிழிந்து அந்தச் சாற்றையும் சேர்த்துவிடுங்கள். துண்டுகள் சீக்கிரம் மூழ்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்தச் சாற்றுக்காக உப்பில் இன்னும் 20 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கல்லுப்பை முந்தின நாளே வெயிலில் காயவையுங்கள். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியம் உப்புகளும் கொஞ்சம் இருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். வெயில் இல்லையா, வெறும் சட்டியில் சூடு ஏற்றி ஆறவிடுங்கள். தூள் உப்பே கையில் இருந்தால் அதுவும் காக்கும். ஆனால் கரண்டிக் கணக்கில் போடாமல் எடை போட்டுப் போடுங்கள். ஒரு கரண்டி தூள் உப்பு ஒரு கரண்டி கல்லுப்பைவிட எடை கூட. உப்போடு மஞ்சள்பொடி இரண்டு தேக்கரண்டி, அவ்வளவுதான். ஜாடியில் ஓர் அடுக்கு துண்டு, ஓர் அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே ஒரு கை உப்பு தூவி, வெள்ளைத் துணியால் வேடு கட்டி மூடுங்கள்.

அப்புறம் 15 நாள் காத்திருக்க வேண்டும். தினமும் காலையில் ஜாடியைத் தூக்கி நன்றாகக் குலுக்கிவிடுங்கள், அல்லது காய்ந்த மரக்கரண்டியால் அடியிலிருந்து கிளறுங்கள். மேலே இருக்கும் துண்டு கீழே போக வேண்டும், அதுதான் நோக்கம். மூன்றாம் நாள் துண்டு பாதி உயரத்துக்குச் சாற்றில் நிற்கும், ஒரு வாரத்தில் முழுகும். தொலியின் மஞ்சள் மங்கித் தவிட்டு நிறத்துக்குத் திரும்பும். ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி அமுங்க வேண்டும், ஆனால் கூழாகக் கூடாது. அது எந்த நாள் என்று காலண்டர் சொல்லாது. மெலிசுத் தொலிக்கு 12 நாள், தடித்த தொலிக்கு 20 நாளும் ஆகலாம்.

வெயில் கட்டாயமா என்று அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். இல்லை. எங்கள் ஊரில் தட்டட்டி, அதாவது மொட்டைமாடி இருக்கிறது, பகலில் ஜாடியைத் தூக்கி அங்கே வைக்கிறோம், சூட்டில் தொலி சீக்கிரம் ஊறுகிறது. கொஞ்சம் தண்ணீரும் ஆவியாகிச் சாறு கெட்டிப்படுகிறது. வெயில் இல்லாத வீட்டில் ஒரு வாரம் கூட ஆகும், வேறு குறை இல்லை. ஜன்னலோரத்தில் இரண்டு மணி நேர வெயில் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைக்கும்போது கண்ணாடி ஜாடி நல்லது, சூடு உள்ளே இறங்கும். வருஷத்துக்கு வைக்கப் பீங்கான் ஜாடி.

அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, புளிப்பு அரித்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கலாம், நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. கண்ணாடி ஜாடியின் தகர மூடியை மறந்துவிடாதீர்கள். உப்பும் புளிப்பும் பட்டு உள்பக்கம் துருப்பிடித்து, துரு ஊறுகாயில் உதிரும். நல்ல பக்குவத்தில் வந்த ஒரு ஜாடியை நான் அப்படித்தான் இழந்தேன், இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. மூடிக்கு அடியில் துணியோ வாழையிலையோ வைத்தால் போதாது, பிளாஸ்டிக் மூடிதான் வழி.

தொலி ஊறிவிட்டதா, இப்போது காரத்தின் முறை. 1 கிலோவுக்கு 80 கிராம் வத்தல். காரம் தாங்குகிற வீட்டில் 100. ராமநாதபுரத்துக் குண்டு வத்தல் பாதி, நீளமான சம்பா வத்தல் பாதி என்று நான் எடுப்பேன். குண்டில் மணமும் உறைப்பும், சம்பாவில் நிறமும் வரும். காம்பைக் கிள்ளி, நல்ல வெயிலில் மொடமொடவென்று காயவைத்து, வீட்டிலேயே பொடிக்க வேண்டும். கடைப் பொடியில் அரைக்கும்போது மல்லி கலந்துவிட்டால் ஊறுகாய் குழம்பு வாசம் அடிக்கும். வறுக்க வேண்டாம், வறுத்தால் நிறம் கறுக்கும்.

வெந்தயம் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வெறும் சட்டியில் செந்நிறம் வரும் வரைக்கும் வறுத்து, ஆறவைத்துப் பொடியுங்கள். ஒரு நிமிடம் கூடினால் கருகி, எலுமிச்சையின் கசப்போடு இதுவும் சேர்ந்துகொள்ளும். கட்டிப் பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு. நாம் வாங்கும் கட்டியில் பெருங்காயப் பிசினோடு மாவும் கலந்திருக்கும், அதனால் எண்ணெயில் உள்ளே வரைக்கும் பொரிந்து உப்பட்டும்.

எண்ணெய் நல்லெண்ணெய்தான், 150 மில்லி. எள்ளெண்ணெயில் இயல்பாகவே காறலைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் மாதக்கணக்கில் சிக்கு வாடை வராது. காயவைத்து, பெருங்காயத்தைப் பொரித்தெடுத்து, கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வத்தல்பொடியை அதில் கலக்க வேண்டும், கொதிக்கும் எண்ணெயில் போட்டால் கருகும். முழுக்க ஆறியதும், வெந்தயப்பொடியும் பெருங்காயப்பொடியும் சேர்த்து, ஊறிய துண்டுகளோடு சாறும் விட்டுக் கிளறி, திரும்ப ஜாடியில் அமுக்கி நிரப்புங்கள். அமுக்குவதைச் சொல்கிறேன், கவனியுங்கள். இடையில் காற்றுக்குழி இருக்கக் கூடாது. மேலே அரை விரற்கடை எண்ணெய் மிதக்க வேண்டும். மிதக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி ஆற்றி ஊற்றுங்கள். இன்னும் ஒரு வாரம் தொடாமல் விட்டால் காரம் துண்டுக்குள் இறங்கியிருக்கும்.

பூண்டு போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். உரித்த பல்லை முதல் நாளே உப்போடும் எலுமிச்சைச் சாற்றோடும் சேர்த்துவிட வேண்டும், கடைசியில் எண்ணெயில் போடக் கூடாது. புளிப்பு உள்ளே ஏறாத பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடப்பது ஆபத்து. சாற்றில் ஊறும்போது பூண்டு பச்சை நிறமோ நீலமோ காட்டும், அதைக் கண்டு தூக்கிப் போடாதீர்கள். அது புளிப்பால் வருகிற நிறம், கெடுதல் இல்லை.

எடுத்துப் பரிமாறுவதில் எங்கள் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. பெரிய ஜாடியை வாரம் ஒரு தடவைதான் திறப்போம். காய்ந்த சிரட்டை அகப்பையால் ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, பெரிய ஜாடியில் மிச்சத்தை அமுக்கி, எண்ணெய் மேலே வந்துவிட்டதா என்று பார்த்து மூடுவோம். சாப்பாட்டு நேரத்தில் யார் கை, எந்தக் கரண்டி என்று ஓடிக்கொண்டிருக்க முடியாது. சின்னப் பாட்டில் கெட்டாலும் ஜாடி பிழைக்கும்.

இது மோர்ச் சோற்றுக்கும் பழைய சோற்றுக்கும்தான் முழு ருசி தரும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறவர்கள் தயிர்ச்சோற்றின் நடுவில் ஒரு துண்டை அமுக்கி வைப்பார்கள். வாழையிலையைப் பிரிக்கும்போது சோறு முழுக்க அந்த வாசம் ஏறியிருக்கும். அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டும் அதில் ஒட்டிய காரமும் 8 கிராம் என்றால், அதில் 1 கிராம் உப்பு போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. இரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அரைத் துண்டோடு நிறுத்துங்கள். ஊறுகாயில் உப்பைக் குறைக்கப் பார்க்காதீர்கள். வேண்டுமானால் தட்டில் வைக்கும் அளவைக் குறையுங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் ஜாடிகள். பூசணம் பிடித்தது மிச்சம் இருந்தால், மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், முழுக்கக் கொட்டிவிடுங்கள். பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. ஜாடியை வெந்நீரில் கழுவி இரண்டு நாள் வெயில் காட்டி எடுத்துவையுங்கள். கசப்பு ஜாடியைக் கொட்ட வேண்டாம். அதில் இன்னும் 80 கிராம் கல்லுப்பு, ஆறு பழத்துச் சாறு, ஒரு எலுமிச்சை அளவு வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்துக் கிளறி, வெந்த பழம் என்பதால் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு மாதம் மறந்துவிடுங்கள். பிறகு ஒரு துண்டு எடுத்து மோர்ச் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள், அப்போதும் கசந்தால் எனக்கு எழுதுங்கள்.